சாலைக்கும் பஸ்ஸுக்கும் அரசிடம் பணம் கேட்பது எப்படி? புதிதாகக் களமிறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சாலை குண்டும் குழியுமாகக் கிடப்பதைப் பார்க்கும் நாளில்தான் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தச் சாலைக்குப் பணம் உண்டா இல்லையா என்பது அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகியிருக்கும். எங்கே தார் போடுவது, எந்த வழித்தடத்தில் பஸ் நடைகளைக் கூட்டுவது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது என்பதெல்லாம் ஓர் அலுவலக மேசையில், ஒரு நீண்ட அட்டவணையில், பெரும்பாலும் நாம் யாரும் கவனிக்காத ஏதோ ஒரு வாரத்தில் எழுதப்பட்டுவிடுகின்றன. நல்ல சாலையும் நல்ல பஸ்ஸும் வேண்டுமென்று குரல் கொடுக்க நினைப்பவர் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது அந்த மேசையைத்தான்.

இது சாமானியருக்கு எட்டாத வேலை என்று யாரும் தயங்க வேண்டாம். அமெரிக்காவில் நல்ல சாலைகளுக்கான இயக்கத்தைத் தொடங்கியவர்கள் கார்க்காரர்கள் அல்லர். அப்போது கார்களே புழக்கத்துக்கு வரவில்லை. 1880-இல் உருவான சைக்கிள் ஓட்டிகளின் சங்கம்தான் அதைக் கையில் எடுத்தது. சாலை போட்டால் வரிச்சுமை தங்கள் தலையில் விழும் என்று அஞ்சிய விவசாயிகளிடம், சேற்று வழியில் வண்டி ஓட்டுவதால் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1893-இல் அந்நாட்டு அரசு விவசாயத் துறையின் கீழ் சாலைகளுக்கென ஓர் ஆய்வு அலுவலகத்தையே அமைத்தது. வசதியோ பதவியோ இல்லாதவர்களுக்கும் கணக்கும் பொறுமையும் துணை நிற்கும் என்பதற்கு இது பழைய சான்று.

சாலை யாருடையது?

ஒரே சந்திப்பில் நான்கைந்து அலுவலகங்களின் பொறுப்பு பின்னிக் கிடக்கும். நடுவில் ஓடும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அதில் வந்து சேரும் குறுக்குத் தெரு உள்ளாட்சியுடையதாக இருக்கலாம். வடிகால் ஒரு பிரிவு, தெருவிளக்கு இன்னொரு பிரிவு, சிக்னல் வேறொரு துறை. பஸ்ஸை இயக்குவது ஒருவர், நிழற்குடையைக் கட்டுவது மற்றொருவர். தவறான வாசலில் கொடுத்த மனு எத்தனை அருமையாக எழுதப்பட்டிருந்தாலும் கோப்பில் தூங்கும்.

கிலோமீட்டர் கல், சாலை எண், வேலை நடக்கும்போது வைக்கும் அறிவிப்புப் பலகை ஆகியவற்றில் பாதி விவரம் கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு வரிக் கடிதம் போதும்: “இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை உள்ள சாலையைப் பராமரிப்பது எந்த அலுவலகம்?” இதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். “எங்களுடையது அல்ல” என்று வரும் பதிலையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த அலுவலகமும் அதையே சொன்னால் இரண்டு பதில்களையும் இணைத்து, இருவருக்கும் மேலே இருப்பவருக்கு அனுப்பலாம். இரண்டு துறைகள் கைவிட்ட ஒரு துண்டுச் சாலை, மேலதிகாரி ஒருவர் இரு கடிதங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே பெரும்பாலும் யாரோ ஒருவர் பொறுப்பில் வந்து சேர்கிறது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. சுவீடன் 1766-இலேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிரிட்டனில் 20 வேலை நாட்கள். இலங்கையில் 2016-இல் சட்டம் வந்தது. “ஏன் இன்னும் சாலை போடவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் என்று எதுவும் இல்லை என்று எளிதாகத் தட்டிக்கழித்துவிடலாம். “கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, கடைசியாகத் தார் போட்ட தேதி, பணி ஆணையின் நகல்” என்று ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்.

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

அரசிடம் பணம் இருக்கிறதா என்பது தவறான கேள்வி. எந்தப் பையில் இருக்கிறது, அந்தப் பையின் வாயை எந்த விதி கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எரிபொருள் வரி பழைய பை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1919-இல் முதன்முதலாகப் பெட்ரோல் மீது வரி விதித்து அதைச் சாலைக்கென ஒதுக்கியது. 1956-இல் அந்நாட்டு மத்திய அரசு நெடுஞ்சாலைக்கென்றே தனி நிதியம் அமைத்தது. ஆனால் மத்திய பெட்ரோல் வரி 1993 முதல் ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. விலைவாசி ஏறியது, வண்டிகள் குறைந்த எரிபொருளில் கூடுதல் தூரம் ஓடத் தொடங்கின, வரி மட்டும் அசையவில்லை. 2008 முதல் பொது வரிப் பணத்தை எடுத்து அந்த நிதியத்தின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்சார வண்டிகள் பெருகும் எந்த நாட்டுக்கும் இந்தச் சிக்கல் வரப்போகிறது. ஓரிகன் இப்போது ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் திட்டத்தையும் நடத்துகிறது.

வேறு பைகளும் உண்டு. பிரான்சில் பாரிஸ் பகுதியில் 1971 முதல், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குக் கட்டுகிறார்கள். பின்னர் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. வேலைக்கு ஆள் வந்து சேர்வதால் பலன் பெறுபவர் முதலாளியும்தானே என்பது அதன் நியாயம், எனக்கு மிகவும் பிடித்த நியாயமும்கூட. ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனம் தன் நிலையங்களை ஒட்டி வீடும் கடையும் கட்டி, ரயிலால் உயரும் நில மதிப்பில் ஒரு பகுதியைத் தானே அறுவடை செய்துகொள்கிறது. லண்டனில் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணம் வந்தபோது, நிகர வருமானம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்று சட்டத்திலேயே கட்டிவைத்தார்கள்.

இவை தவிர சொத்து வரி, டோல், டிக்கெட் வருமானம், கடன் பத்திரம், மேல் அரசு தரும் மானியம். மானியம் என்றால் ஒன்றை மறக்காமல் விசாரியுங்கள்: உள்ளூர்ப் பங்கு எவ்வளவு? மேலிருந்து பணம் வரத் தயாராக இருந்தும், கீழே போட வேண்டிய பங்கு இல்லாததால் பல திட்டங்கள் நின்றுவிடுகின்றன. அந்தப் பங்கை உள்ளாட்சியின் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்வதே உங்கள் முழுக் கோரிக்கையாக இருக்கலாம்.

கட்டுவதற்கு ஒரு பணம், காப்பதற்கு ஒரு பணம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எந்த அரசின் கணக்கிலும் மூலதனச் செலவு தனி, நடப்புச் செலவு தனி. புதிய பாலம், புதிய பஸ், புதிய ரயில் பாதை ஆகியவை முதல் வகை. குழி அடைப்பது, வடிகால் தூர்வாருவது, ஓட்டுநர் சம்பளம், டீசல், உதிரிபாகம் ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. தூர்வாரிய வடிகாலுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆகவே பணம் இயல்பாகவே முதல் வகையை நோக்கி ஓடும். அதை இரண்டாம் வகைக்குத் திருப்புவதில்தான் மக்கள் குரலுக்கு வேலை அதிகம். போட்டி குறைவு என்பதால் பலனும் விரைவு.

சாலை எப்படிக் கெடுகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் தார்ப்பரப்பில் முடிபோல ஒரு விரிசல். அதன் வழியே மழைநீர் இறங்கி, கீழிருக்கும் ஜல்லி அடுக்கை நனைத்து இளக வைக்கிறது. மேலே சுமை ஏறும்போது இளகிய இடம் அமுங்குகிறது. தாங்கலை இழந்த தார் உடைந்து பெயர்கிறது. நமக்குக் கண்ணில் படும் குழி இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். விரிசலை அடைத்திருந்தாலோ, ஓரத்து வடிகால் ஓடியிருந்தாலோ குழியே விழுந்திருக்காது. பராமரிப்பை மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டால் சரிசெய்யும் செலவு ஆறு மடங்காகவும், ஐந்து ஆண்டுகள் விட்டால் பதினெட்டு மடங்காகவும் ஏறும் என்பது தென்னாப்பிரிக்காவின் தேசிய சாலை நிறுவனம் போட்ட மதிப்பீடு. உங்கள் மனுவில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். நிதிப் பிரிவில் இருப்பவர்கள் மற்ற எதைக் காட்டிலும் இதைக் கூர்ந்து படிப்பார்கள்.

சுமையைப் பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து, லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரங்களைத் தாங்கும் அச்சின் மீதுள்ள சுமை கூடக்கூட, சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று அதிலிருந்து கணித்தார்கள். அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்கு. ஆகையால் உங்கள் சாலை ஆண்டுதோறும் பாழாகிறதென்றால், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய லாரிகள் அந்த வழியே போகின்றனவா என்று பாருங்கள். எடைச் சோதனையைக் கடுமையாக்கக் கேட்பது சில இடங்களில் புதிய தாரைவிட அதிகப் பலன் தரும்.

பஸ்ஸிலும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலஸில் 1994-இல் போக்குவரத்து நிர்வாகம் ரயில் திட்டங்களுக்குப் பெரும் பணத்தைப் போட்டுக்கொண்டே, பஸ் கட்டணத்தை உயர்த்தி மாதாந்தர பாஸையும் நிறுத்த முடிவு செய்தது. பஸ் பயணிகளின் சங்கம் நீதிமன்றம் சென்றது. நெரிசலைக் குறைப்பதற்கும் கட்டணத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படும் உடன்பாடு 1996-இல் வந்தது. பிறகு 2008-இல் அதே மாவட்டத்தில் அரை விழுக்காடு விற்பனை வரி கூட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தபோது, எந்தெந்தப் பணிக்கு எவ்வளவு என்ற பட்டியலையும் சேர்த்தே முன்வைத்தார்கள். வருமானத்தில் 20 விழுக்காடு பஸ் இயக்கத்துக்கு என்று அதில் எழுதியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற கடினமான வரம்பையும் தாண்டி அது நிறைவேறியது. பணம் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தங்கள் வரியைத் தாங்களே கூட்டிக்கொள்ளவும் மக்கள் தயங்குவதில்லை.

நாள்காட்டியைக் கையில் எடுங்கள்

அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். பட்ஜெட்டைப் பொறுத்தவரை எந்த மாதத்தில் அழுகிறோம் என்பதும் முக்கியம்.

நிதியாண்டு தொடங்கும் நாளைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பட்ஜெட் அவையில் வைக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு நிதிப் பிரிவு துறைகளோடு பேசி வெட்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு துறைத் தலைமை கீழ் அலுவலகங்களிடம் பட்டியல் கேட்கும். அதற்கும் முன்பு களத்தில் இருக்கும் இளநிலைப் பொறியாளர் எந்தெந்த வேலை வேண்டும் என்று மதிப்பீடு தயாரிப்பார். உங்கள் மனு போய்ச் சேர வேண்டியது அந்தக் கடைசி நபரிடம், அவர் பட்டியல் எழுதும் வாரத்துக்கு முன்பு. பட்ஜெட் வாசிக்கும் நாளில் வாசலில் கோஷம் போட்டால் செய்தியில் படம் வரும்; அட்டவணையில் வரி ஏறாது.

பட்ஜெட் புத்தகத்தைக் கண்டு மிரள வேண்டாம். சாலைப் பராமரிப்பு, பஸ் இயக்கம் என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. அடுத்தடுத்த ஆண்டுகளின் புத்தகங்களை வைத்து ஒரே ஆண்டின் எண்களை ஒப்பிடுங்கள். பராமரிப்புக்கு 100 ஒதுக்கி, ஆண்டின் நடுவில் அதை 70 ஆகத் திருத்தி, கடைசியில் 55 செலவழித்திருந்தால் அந்த அலுவலகத்துக்குப் பணம் போதாமல் இருந்ததா, செலவழிக்க ஆள் இல்லாமல் இருந்ததா என்று விசாரியுங்கள். ஆள் இல்லாத இடத்தில் கூடுதல் பணம் கேட்டுப் பயனில்லை. காலிப் பணியிடத்தை நிரப்பக் கேளுங்கள்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் முதலீட்டுப் பணத்தின் முன்னுரிமையை வட்டாரக் கூட்டங்களில் மக்களே வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. தெருவுக்குத் தளம் போடுவது அங்கே அடிக்கடி மேலே வந்த கோரிக்கைகளில் ஒன்று. பின்னர் உலகின் பல நகரங்கள் இம்முறையை எடுத்துக்கொண்டன. உங்கள் ஊரிலும் அப்படியொரு கூட்டம் சட்டப்படி நடக்க வேண்டியிருக்கலாம், யாரும் போகாததால் வெறும் கையெழுத்தோடு முடிந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் அதுவே உங்கள் முதல் வாசல்.

எண்ணுங்கள், அளவெடுங்கள்

“சாலை படுமோசம்” என்பது கருத்து. “பள்ளி வாசலிலிருந்து பாலம் வரை 400 மீட்டரில் 23 குழிகள், அவற்றில் 9 ஒரு விரல் நீளத்துக்கும் ஆழமானவை” என்பது ஆதாரம். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி, பின்னணியில் கடையோ கம்பமோ அடையாளம் தெரியும்படி படம் எடுங்கள், தேதி இருக்கட்டும். மழை நின்று சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுங்கள். எங்கே நீர் தேங்குகிறது என்று காட்டும் படம் பொறியாளருக்குக் குழியின் படத்தைவிட உதவும். காரணம் அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய ‘ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்’ போன்ற தளங்கள் இப்படிப்பட்ட புகார்களை வரைபடத்தில் குறித்து உரிய அலுவலகத்துக்கு அனுப்புகின்றன. அத்தகைய வசதி உங்கள் பகுதியில் இருந்தால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

பஸ்ஸுக்கான கணக்கை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஒரு பஸ் புறப்பட்டு, மறுமுனை போய், திரும்பி வந்து, அடுத்த நடைக்குத் தயாராக 60 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 60-ஐ 15-ஆல் வகுங்கள்: நான்கு பஸ்கள். நெரிசலால் அந்தச் சுற்று 75 நிமிடமாக நீண்டால், அதே சேவையைத் தர ஐந்தாவது பஸ்ஸும் அதற்கு ஓட்டுநரும் வேண்டும். மாறாக, பஸ்ஸுக்கெனத் தனித்தடம் ஒதுக்கிச் சுற்று நேரத்தை 48 நிமிடமாகக் குறைத்தால், அதே நான்கு பஸ்களே 12 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். ஒரு புதிய பஸ்கூட வாங்காமல் சேவை கூடிவிட்டது! “பஸ் விடுங்கள்” என்று மட்டும் கேட்டுவந்தவர்கள், பஸ் எங்கே சிக்கி நேரத்தைத் தொலைக்கிறது என்று பார்க்கத் தொடங்கியதும் கோரிக்கையின் தரமே மாறிவிடும்.

அதைக் கண்டறிய ஓர் ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சிக்னலுக்கும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொண்டே வந்தால் போதும். இன்னொருவர் நிறுத்தத்தில் நின்று, கால அட்டவணைப்படி வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏறியவர்கள், இடமில்லாமல் விடப்பட்டவர்கள் என்று நான்கு பத்திகளில் எழுதலாம். கடைசிப் பத்தியைத் தவறவிடாதீர்கள். ஏறியவர்களின் எண்ணிக்கை டிக்கெட் கணக்கில் இருக்கிறது. ஏற முடியாதவர்களின் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

ஒரே ஒரு கோரிக்கை

பன்னிரண்டு கோரிக்கைகள் கொண்ட மனுவில் மிக எளிதானதையும் மலிவானதையும் நிறைவேற்றிவிட்டு, “பரிசீலிக்கப்பட்டது” என்று கோப்பை மூடிவிடலாம். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. எடுத்துக்காட்டாக இப்படி:

“பொருள்: மருத்துவமனை நிறுத்தத்திலிருந்து சந்தை வரையிலான 1.2 கிலோமீட்டர் சாலையின் கிழக்குப் புற வடிகாலை வரும் ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கக் கோருதல். இந்த வடிகால் மூன்று இடங்களில் அடைபட்டிருப்பதால் மழைநீர் சாலையில் தேங்குகிறது. படங்களும் வரைபடமும் இணைப்பு 1. இதே பகுதியில் சென்ற இரண்டு ஆண்டுகளிலும் குழி அடைப்புக்குச் செலவழித்த விவரம் தங்கள் அலுவலகப் பதிலின்படி இணைப்பு 2. வடிகாலைச் சரிசெய்யாமல் குழியை மட்டும் அடைப்பதால் அந்தச் செலவு ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. இப்பணியை மதிப்பீட்டில் சேர்த்த விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

கெஞ்சலும் மிரட்டலும் இல்லை. அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுத வேண்டிய குறிப்பை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதுதான் நல்ல மனு.

சாலையை அகலப்படுத்தச் சொல்லலாமா? நெரிசல் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்து பொருளியலாளர்கள் ஜில் துராந்தோனும் மேத்யூ டர்னரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுஞ்சாலைத் தடங்கள் எந்த அளவு கூடினவோ ஏறத்தாழ அதே அளவு வாகன ஓட்டமும் கூடியதைக் காட்டினார்கள். இடம் கிடைத்தால் வண்டிகள் வந்து நிரப்பிவிடுகின்றன. அகலப்படுத்தும் செலவில் ஒரு பகுதியை நடைபாதைக்கும் பஸ் தடத்துக்கும் கேட்பது மலிவு, மரங்களும் தப்பிக்கும்.

யாரைச் சேர்த்துக்கொள்வது?

வழக்கமாகப் போராட வருகிறவர்களோடு நிற்காமல், அந்தச் சாலை கெட்டால் இழப்பவர்கள் எல்லோரையும் பட்டியலிடுங்கள்: ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பால் வண்டிக்காரர், பள்ளித் தலைமையாசிரியர், இரவுப்பணி செவிலியர், சரக்கு இறக்கும் கடைக்காரர், சக்கர நாற்காலியில் செல்பவர். பஸ் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் எதிரணியில் வைக்கவே வைக்காதீர்கள். எந்த நிறுத்தம் தவறான இடத்தில் இருக்கிறது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

சிறு கூட்டமும் பெரிய மாற்றத்தைத் தொடங்கலாம். 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மாற்றுத்திறனாளிகள் பத்தொன்பது பேர், சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி இல்லாத பஸ்களை முன்னும் பின்னும் மறித்து இரண்டு நாட்கள் அங்கிருந்து அகலவில்லை. எல்லோருக்குமான பஸ் என்ற கோரிக்கை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது. நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளரின் எழுத்திலிருந்து 1972-இல் பெற்றோர் இயக்கம் ஒன்று கிளம்பியது. இன்று உலகமே வியக்கும் அந்நாட்டின் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் பெற்றோரின் பிடிவாதமும் இருக்கிறது. உலகில் இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார அமைப்பின் கணக்கு. நாம் கேட்பது வசதி மட்டுமல்ல என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம்.

எதிர்ப்பு வரும். பஸ் தடம் போட்டால் வண்டி நிறுத்த இடம் போகும், வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், தற்காலிகச் சோதனை கேளுங்கள். சுவீடனின் ஸ்டாக்ஹோமில், லண்டனைப் போல நகருக்குள் வரும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தைப் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்தியபோது கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் அது நிலையானது. கண்ணால் பார்த்த பிறகு மனம் மாறுவது இயற்கை. அதற்கு முதலில் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும்.

அதிகாரியின் அறையிலும் பொதுக் கூட்டத்திலும்

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும், மூன்றாமவர் அந்தச் சாலையை நாள்தோறும் பயன்படுத்துபவராக இருக்கட்டும். “ஏன் செய்யவில்லை?” என்பதைவிட “இது பட்டியலில் ஏற வேண்டுமானால் உங்களுக்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும்?” என்ற கேள்வி கதவைத் திறக்கும். பொறியாளர்கள் பலர் நல்ல சாலை போடவே விரும்புகிறார்கள். மேலே எழுத ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வந்த அன்றே, பேசியதைச் சுருக்கி அவருக்கே கடிதமாக அனுப்புங்கள். அப்போது அது பேச்சாக நிற்காமல் பதிவாகிவிடும்.

பொதுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் கிடைத்தால் முதல் வாக்கியத்திலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள், பிறகு ஓர் எண், பிறகு ஒரு மனிதரின் அனுபவம். கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ உதவினால் பலரறிய நன்றி சொல்லுங்கள். ஆனால் எந்தக் கட்சியின் மேடையிலும் உங்கள் குழுவின் பெயர் ஏறக் கூடாது. ஆட்சி மாறும், சாலை அங்கேயேதான் இருக்கும்.

பணம் வந்த பிறகு

ஒதுக்கீடு வந்ததும் பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிடுகின்றன. வேலை கெடுவது அதற்குப் பிறகுதான். டெண்டர் அறிவிப்பைத் தேடுங்கள். நீங்கள் கேட்ட வடிகால் அதில் இருக்கிறதா, தார் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பணி ஆணையின் நகலையும் வேலை அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் தார்மேல் தாராகப் போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து, மழைநீர் வீடுகளுக்குள் இறங்கும். சுரண்டி எடுப்பது ஒப்பந்தத்தில் இருந்தால் அதை வலியுறுத்துங்கள். சாலையின் நடு சற்றே உயர்ந்து இரு புறமும் சரிகிறதா, தண்ணீர் வடிகாலைச் சென்றடைய வழி விட்டிருக்கிறார்களா என்பவற்றைப் பார்க்கப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய், கேபிள் என்று தோண்டும் திட்டம் வேறு துறையிடம் இருக்கிறதா என்று தார் போடுவதற்கு முன்பே கேட்டு, தோண்டும் வேலையை முதலில் முடிக்கச் செய்யுங்கள்.

வேலை முடிந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட காலம் வரை தோன்றும் குறைகளை ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்ற விதி இருக்கும். அந்தக் காலம் எவ்வளவு என்பது பணி ஆணையில் இருக்கும். அது முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, முடிந்தால் ஒரு மழைக்காலத்தை ஒட்டி, அளவுகோலும் கேமராவுமாக அதே சாலையை முழுதும் நடந்து பாருங்கள். புதிய விரிசல்கள், அமுங்கிய ஓரங்கள், நீர் தேங்கும் இடங்கள் அத்தனையையும் படங்களோடு பட்டியலிட்டு, கெடு முடிவதற்கு முன்பே பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.